தாலமியைத் திருத்தியவர்கள்

1957-ல் 'ஐசிஸ்' என்னும் அறிவியல் வரலாற்று இதழில் விக்டர் ராபர்ட்ஸ் எழுதிய ஒரு கட்டுரை வெளிவந்தது. 14-ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸ் உமய்யா பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிக்கும் பொறுப்பில் இருந்த இப்னு அல்-ஷாத்திர் என்பவரைப் பற்றியது அது. சந்திரனின் ஓட்டத்தை விளக்க அவர் வரைந்த வட்டங்களும், 1543-ல் வெளியான கோபர்நிக்கஸின் நூலில் சந்திரனுக்காக வரையப்பட்ட வட்டங்களும் ஏறக்குறைய ஒன்றே என்று ராபர்ட்ஸ் காட்டினார். பெய்ரூட்டில் பேராசிரியராக இருந்த இ. எஸ். கென்னடியும் அவருடன் சேர்ந்தவர்களும் பழைய அரபுக் கையெழுத்துப் படிகளை வரிசையாகப் படிக்கத் தொடங்கிய காலம். அடுத்த சில பத்தாண்டுகளில் அறிவியல் வரலாற்றுப் பாடநூல்களில் ஓர் அத்தியாயத்தையே மாற்றி எழுத வேண்டியதாயிற்று.

அதுவரை இருந்த கதை சுருக்கமானது. கிரேக்கர்கள் கண்டார்கள், அரபுகள் காப்பாற்றி வைத்திருந்தார்கள், ஐரோப்பா வாங்கி வளர்த்தது. பியேர் டுஹெம் போன்ற பெரிய அறிஞரே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இஸ்லாமிய உலகின் அறிஞர்கள் கிரேக்கர்களின் விசுவாசமான சீடர்கள், சொந்தச் சரக்கு இல்லாதவர்கள் என்ற கருத்தில் இருந்தார். இன்று இணையத்தில் உலவுவது இதற்கு நேர் எதிரான கதை: எல்லாவற்றையும் அவர்களே முதலில் கண்டுபிடித்தார்கள், ஐரோப்பா திருடிக்கொண்டது. இரண்டு கதையிலும் ஒரே குறைதான். அந்த மனிதர்கள் உட்கார்ந்து என்ன வேலை செய்தார்கள் என்று இரண்டுமே பார்ப்பதில்லை.

பார்த்தால் முதலில் தெரிவது சந்தேகம். கையில் கிடைத்த பெரிய நூலை மதித்து மொழிபெயர்த்து, பிறகு அதில் உள்ள எண்களை வானத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து, தப்பை எழுதியும் வைத்தார்கள். பல நூற்றாண்டு மரபுக்கு அடிக்கல் அதுதான்.

அப்பாஸிய கலீஃபா அல்-மன்சூர் 762-ல் பாக்தாத் நகரை நிறுவியபோது, நல்ல நாள் குறிக்க ஜோதிடர்களை அமர்த்தினார். அவர்களில் நவ்பக்த் பாரசீகர். மாஷா அல்லாஹ் யூதர். 770-களில் சிந்துப் பகுதியிலிருந்து வந்த ஒரு தூதுக்குழுவுடன் சமஸ்கிருத வானியல் நூல் ஒன்று பாக்தாத் வந்தது. பிரம்மகுப்தரின் மரபைச் சேர்ந்த அந்த நூலை அரபியில் ஆக்கும்படி மன்சூர் கட்டளையிட, 'சிந்த்ஹிந்த்' என்ற பெயரில் ஒரு கணித மரபே பிறந்தது. கோள்களின் நிலையைக் கணிக்கும் அட்டவணை நூல்களுக்கு 'ஜிஜ்' என்று பெயர். பஞ்சாங்கம் கணிப்பவர் கையில் வைத்திருக்கும் வாய்ப்பாடுகளையும் அவற்றைப் பயன்படுத்தும் விதிகளையும் சேர்த்துக் கட்டினால் எப்படியோ, அப்படிப்பட்ட நூல். ஆக, பாக்தாதின் தொடக்கப் பாடம் இந்தியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் வந்தது. கிரேக்க வானியலாளர் தாலமியின் 'அல்மஜெஸ்ட்' நூல் அதற்குப் பிறகே செல்வாக்குப் பெற்றது. 

மாமூன் கலீஃபாவின் காலத்தில் (813–833) வேலை வேகம் பிடித்தது. 'ஞான இல்லம்' என்ற புகழ்பெற்ற பெயர் இங்கேதான் வரும். அதை இன்றைய பல்கலைக்கழகம் போலக் கற்பனை செய்துகொள்வது வழக்கம். சான்றுகள் அவ்வளவு தூரம் போவதில்லை. அது அரண்மனையைச் சேர்ந்த நூலகம், அதற்கு மேல் சொல்வதற்கு ஆதாரம் குறைவு என்று திமித்ரி குட்டாஸ் போன்ற ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். மொழிபெயர்ப்புக்குப் பணம் பல கைகளிலிருந்து வந்தது. மூசாவின் மக்கள் எனப்பட்ட மூன்று சகோதரர்கள், அவர்களே கணித அறிஞர்கள், மொழிபெயர்ப்பாளர்களுக்காக மாதம் 500 தினார் வரை செலவழித்ததாக ஒரு பழைய குறிப்பு உண்டு.

மாமூன் காலத்தின் உண்மையான புதுமை வேறு. 828 வாக்கில் பாக்தாதின் ஷம்மாசிய்யாவிலும், 831–832-ல் டமாஸ்கஸை ஒட்டிய காசியூன் மலையிலும் சூரியனையும் சந்திரனையும் முறையாக அளக்க ஆள் வைத்தார்கள். புவி அச்சின் சாய்வைத் தாலமி 23 பாகை 51 கலை என்று சொல்லியிருந்தார். பாக்தாதில் 23 பாகை 33 கலை கிடைத்தது. நட்சத்திரங்கள் நூறு ஆண்டுக்கு ஒரு பாகை நகர்வதாகத் தாலமி எழுதியிருந்தார். நம் பஞ்சாங்கங்களில் அயனாம்சம் என்று வருமே, அதற்கு அடிப்படையான நகர்வு. அது 66 ஆண்டுக்கு ஒரு பாகை என்று இவர்கள் கண்டார்கள் (இன்றைய கணக்கு ஏறத்தாழ 72 ஆண்டு). சிஞ்சார் சமவெளியில் கயிறு பிடித்து நடந்து, பூமியில் ஒரு பாகைக்கு எத்தனை மைல் என்றும் அளந்தார்கள். பெரியவர் எழுதிவிட்டார் என்பதற்காக எண்ணை விட்டுவைக்கும் வழக்கம் அங்கே அன்றே முடிந்தது.

அதே அவையில் இருந்தவர் முஹம்மது இப்னு மூசா அல்-குவாரிஸ்மி. அவருடைய இயற்கணித நூல் மாமூனுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. இன்றைய பள்ளி மாணவர் அதைத் திறந்தால் திகைப்பார். ஒரு குறியீடுகூடக் கிடையாது, எல்லாம் வாக்கியம். 'ஒரு வர்க்கமும் அதன் பத்து மூலங்களும் சேர்ந்து 39' என்று ஒரு கணக்கு வரும். மூலங்களின் எண்ணிக்கையில் பாதி 5. அதன் வர்க்கம் 25. 39-உடன் கூட்டினால் 64. அதன் மூலம் 8. அதிலிருந்து 5-ஐக் கழித்தால் விடை 3. பிறகு ஒரு சதுரம் வரைந்து, அதன் ஓரங்களில் செவ்வகங்களை ஒட்டி, மூலைகளை நிரப்பி, ஏன் இப்படிச் செய்தால் விடை வருகிறது என்றும் காட்டுகிறார். இத்தகைய கணக்குகளை பாபிலோனியர்களும் இந்தியர்களும் முன்பே தீர்த்திருக்கிறார்கள். சமன்பாடுகளை ஆறு வகையாகப் பிரித்து, எந்தக் கணக்கு வந்தாலும் அந்த ஆறில் ஒன்றுக்குக் கொண்டுவந்து தீர்க்கலாம் என்று அதைத் தனித் துறையாக நிறுத்தியது குவாரிஸ்மி. நூலின் ஏறக்குறைய பாதி எதைப் பற்றியது தெரியுமா? பாகப்பிரிவினை. மகனுக்கு எவ்வளவு, மகளுக்கு எவ்வளவு, உயில்படி வெளியாருக்கு எவ்வளவு என்று இஸ்லாமியச் சட்டப்படி சொத்தைப் பிரிக்கும் கணக்குகள்.

அவருடைய இன்னொரு நூல் இந்திய எண்களைப் பற்றியது. அரபு மூலம் தொலைந்துபோய், லத்தீன் வடிவம் மட்டுமே கிடைக்கிறது. 952–953-ல் டமாஸ்கஸில் அல்-உக்லிதிசி என்பவர், தூசிப் பலகையில் எழுதி அழித்துப் போடும் அந்த இந்திய முறையைத் தாளில் மையால் போடும்படி மாற்றியமைத்தார். தசமப் பின்னங்களும் அவர் நூலில் தலைகாட்டுகின்றன. 

இவர்களைச் சேர்த்து எப்படி அழைப்பது என்பதே ஒரு சிக்கல். அரபு அறிஞர்கள் என்றால் பாதிப் பேர் பாரசீகர்கள், மத்திய ஆசியர்கள். முஸ்லிம் அறிஞர்கள் என்றால் தாபித் இப்னு குர்ரா (836–901) ஹர்ரானைச் சேர்ந்த சாபியர், நட்சத்திர வழிபாட்டு மரபினர். மொழிபெயர்ப்பாளர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் நெஸ்டோரியக் கிறிஸ்தவர். 12-ஆம் நூற்றாண்டில் இயற்கணிதத்தை வளர்த்த அஸ்-ஸமவ்அல் யூதராகப் பிறந்து பின்னர் இஸ்லாத்தைத் தழுவியவர். இவர்களைச் சேர்த்து வைத்தது அரபு மொழியும், காகிதமும், சம்பளம் கொடுத்த அரண்மனைகளும்.

ரக்காவில் 40 ஆண்டுகள் வானத்தைப் பார்த்த அல்-பத்தானியும் (இறப்பு 929) சாபியக் குடும்பத்தவரே. ஆண்டின் நீளம் 365 நாள் 5 மணி 46 நிமிடம் 24 விநாடி என்று அவர் கணித்தார். உண்மையான நீளத்தைவிட இரண்டு நிமிடம் சொச்சம் குறைகிறது. தாலமியின் பிழை ஆறு நிமிடத்துக்கும் மேல். கோபர்நிக்கஸ் தம் நூலில் பத்தானியைப் பெயர் சொல்லியே பலமுறை மேற்கோள் காட்டுகிறார். கெய்ரோவில் இப்னு யூனுஸ் (இறப்பு 1009) எழுதிவைத்த கிரகணக் குறிப்புகள் இன்னும் விசித்திரமான பயணம் செய்தன. சந்திரனின் வேகம் நூற்றாண்டுகளில் எப்படி மாறுகிறது என்று 19-ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்த அமெரிக்க வானியலாளர் சைமன் நியூகோம் அவற்றைச் சான்றாக எடுத்துக்கொண்டார். 

கருவிகளும் பெரிதாயின. 994-ல், இன்றைய தெஹ்ரானை அடுத்த ரய் நகரில் அல்-குஜந்தி ஒரு கட்டடத்தையே கருவியாகக் கட்டினார். இருட்டறை, கூரையில் ஒரு துளை, கீழே ஏறத்தாழ 20 மீட்டர் ஆரமுள்ள வில். உச்சி வேளையில் சூரியனின் பிம்பம் வில்லில் விழும் இடத்தைக் கொண்டு அதன் உயரத்தை அளக்கலாம். புவி அச்சின் சாய்வு அவருக்கு 23 பாகை 32 கலை என்று வந்தது. பிற்பாடு அல்-பிரூனி, அந்தக் கூரைத்துளை ஒரு சாண் அளவுக்குத் தாழ்ந்துபோனதால் அளவில் பிழை புகுந்துவிட்டது என்று எழுதினார். கருவி பெரிதானால் கட்டடத்தின் எடையும் கணக்கில் வரும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

பிரூனி (பிறப்பு 973) இந்த வரிசையில் தனி மனிதர். 997-ல் ஒரு சந்திர கிரகணத்தை அவர் குவாரிஸ்ம் பகுதியின் காத் நகரிலும், அபுல் வஃபா பாக்தாதிலும் முன்கூட்டியே பேசிவைத்துப் பார்த்தார்கள். இரு ஊரிலும் கிரகணம் தெரிந்த நேர வித்தியாசத்திலிருந்து தீர்க்கரேகை வித்தியாசம் கிடைத்தது. பின்னர் கஜினி மஹ்மூதின் கையில் சிக்கி, மஹ்மூதின் படைகளின் பின்னாலேயே இந்தியா வந்தார். சமஸ்கிருதம் கற்றார், 1030 வாக்கில் இந்தியாவைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். பஞ்சாபின் நந்தனா கோட்டையில் ஒரு மலையின் உயரத்தை அளந்து, உச்சியில் ஏறி, அடிவானம் கிடைமட்டத்துக்கு எவ்வளவு கீழே தெரிகிறது என்று பார்த்தார். 34 கலை. அந்த ஒரே கோணத்திலிருந்து பூமியின் ஆரத்தைக் கணித்தார்.

அவருடைய விடை இன்றைய அளவிலிருந்து சில கிலோமீட்டர் மட்டுமே விலகுகிறது என்று பல நூல்கள் கொண்டாடுகின்றன. கொஞ்சம் நிதானிக்க வேண்டிய இடம் இது. அவருடைய முழம் இன்றைய அளவில் எத்தனை சென்டிமீட்டர் என்பதைப் பொறுத்தே விடை மாறும். அடிவானத்தை ஒளிவிலகல் வேறு தூக்கிக் காட்டும். முறை அபாரமானது. துல்லியத்தில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. இதே நிதானம், வான்பொருள்களின் உயரத்தை அளக்கும் கருவியான 'அஸ்ட்ரோலேபைக் கண்டுபிடித்த மர்யம்' என்று உலவும் கதையிலும் தேவை. 10-ஆம் நூற்றாண்டின் இப்னு அல்-நதீம் தம் நூற்பட்டியலில் கருவி செய்வோர் வரிசையில் அல்-இஜ்லியின் மகள் என்று ஒரு பெண்ணைக் குறிப்பிடுகிறார். அலெப்போ அரசர் சைஃப் அல்-தவ்லாவிடம் பணியாற்றியவர். அவ்வளவுதான் குறிப்பு. மர்யம் என்ற பெயர் அதில் இல்லை. கருவியோ கிரேக்கர் காலத்தது. ஒரு பெண் அந்தத் தொழிலில் பெயர் பதிக்கும் அளவுக்கு இருந்தார் என்பதே பெரிய செய்தி. அதற்கு மேல் மிகைப்படுத்தினால் அந்தச் செய்தியும் கேலிக்கு ஆளாகும்.

பிரூனியின் காலத்தவரே இப்னு அல்-ஹைதம். ஒளியியலில் அவர் செய்தது பலரும் அறிந்தது. 'தாலமி மீதான சந்தேகங்கள்' என்று அவர் எழுதிய நூலைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. தாலமியின் முறையில் ஒரு கோள் செல்லும் வட்டம், தன் மையத்தைப் பொறுத்துச் சீராகச் சுழலாமல், தள்ளி இருக்கும் வேறொரு கற்பனைப் புள்ளியைப் பொறுத்துச் சீராகச் சுழலும். கணக்குக்கு அது பொருந்தும். உண்மையான ஒரு கோளம் தன் அச்சில் அல்லாமல் வேறோர் இடத்தைச் சுற்றிச் சீராகச் சுழல்வது எப்படி என்று இப்னு அல்-ஹைதம் கேட்டார். விடை சரியாக வந்தால் போதும் என்று விட அவருக்கு மனமில்லை. இயற்கையில் நடக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க இருநூறு ஆண்டுக்கு மேல் ஆனது. இடையில் நிஷாப்பூரின் உமர் கய்யாம் (1048–1131) வந்தார். உலகம் அவரைக் கவிஞராக நினைவில் வைத்திருக்கிறது. முப்படிச் சமன்பாடுகளை வகைப்படுத்தி, கூம்பு வெட்டு வளைவுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளால் தீர்த்தவர் அவர். இஸ்ஃபஹானில் செல்ஜுக் சுல்தான் மாலிக் ஷாவுக்காக 1079-ல் நாட்காட்டியைச் சீர்திருத்திய குழுவிலும் இருந்தார்.

இந்தக் கட்டத்தில்தான் வழக்கமான கதைகள் திரையை இறக்கிவிடும். அல்-கஸாலி (இறப்பு 1111) தத்துவவாதிகளைத் தாக்கி எழுதினார், அறிவியல் வாடியது. 1258-ல் மங்கோலியர் பாக்தாதை அழித்தனர், அறிவியல் செத்தது. தேதிகளைப் பார்த்தால் இந்தக் கதை நிற்காது. பாக்தாதைத் தரைமட்டமாக்கிய ஹுலாகு கானின் பணத்தில்தான், மறு ஆண்டே, 1259-ல், வடமேற்கு ஈரானின் மராகாவில் அதுவரை இல்லாத அளவுக்குப் பெரிய வானாய்வுக்கூடம் எழும்பியது. அதை நடத்தியவர் நசீர் அல்-தீன் அல்-தூசி. அலமூத் கோட்டையில் இஸ்மாயிலி ஷியா பிரிவினரிடம் இருந்து, அது வீழ்ந்ததும் மங்கோலியர் பக்கம் சேர்ந்தவர். அந்தக் கட்சி மாறலை மன்னிக்காதவர்கள் இன்றும் உண்டு. கருவிகளைச் செய்தவர் டமாஸ்கஸின் அல்-உர்தி. சிரியக் கிறிஸ்தவ ஆயர் பார் ஹெப்ரேயஸ் அங்கே பாடம் நடத்தினார். பள்ளிவாசல்களுக்கும் மதரசாக்களுக்கும் எழுதிவைக்கும் வக்ஃபு வருமானத்தை ஓர் ஆய்வுக்கூடத்துக்குத் திருப்பிவிட்டது தூசியின் சாமர்த்தியம்.

தூசி கண்ட உத்தி பார்க்க எளியது. ஒரு வட்டத்துக்குள், அதன் பாதி அளவுள்ள இன்னொரு வட்டம் விளிம்பைத் தொட்டபடி உருளட்டும். சிறிய வட்டத்தின் விளிம்பில் உள்ள ஒரு புள்ளி பெரிய வட்டத்தின் விட்டத்தில் நேர்கோடாக முன்னும் பின்னும் ஓடும். வட்டச் சுழற்சிகளை மட்டும் கொண்டு நேர்கோட்டு அசைவைப் பெற்றாயிற்று. தாலமியின் கற்பனைப் புள்ளியைப் பல இடங்களில் தள்ளிவிடலாம். அல்-உர்தியும் குத்ப் அல்-தீன் அல்-ஷிராஸியும் இதே பாதையில் வேறு உத்திகள் கண்டார்கள். டமாஸ்கஸில் இப்னு அல்-ஷாத்திர் (1304–1375) மையம் விலகிய வட்டங்களையும் விலக்கிவிட்டார். தாலமியின் கணக்குப்படி சந்திரனின் தூரம் ஏறக்குறைய இரு மடங்கு கூடிக் குறையும். அப்படியானால் சில நாட்களில் நிலா இரு மடங்கு பெரிதாகத் தெரிய வேண்டும். எந்தக் குழந்தைக்கும் தெரியும், தெரிவதில்லை என்று. ஷாத்திரின் வட்டங்கள் அந்தக் குறையைப் பெருமளவு போக்கின.

அவரை வேலைக்கு வைத்தது பள்ளிவாசல் என்பதையும் மறக்கக் கூடாது. 'முவக்கித்' என்ற பதவி அது. ஐந்து வேளைத் தொழுகை நேரமும் மக்காவின் திசையும் கோள முக்கோணவியல் இல்லாமல் கிடைக்காது. அவருடைய சக ஊழியர் அல்-கலீலி, எந்த ஊரிலிருந்தும் மக்காவின் திசையைச் சொல்லும் ஏறத்தாழ 3,000 எண்களைக் கணக்கிட்டு அட்டவணை போட்டார். மதம் அறிவியலை ஒடுக்கியது என்றோ வளர்த்தது என்றோ ஒரே வரியில் தீர்ப்புச் சொல்பவர்கள் இந்த அட்டவணையைக் கொஞ்சநேரம் புரட்டிப் பார்க்கலாம். 

கோபர்நிக்கஸுக்கு இவை போய்ச் சேர்ந்தனவா? 1973-ல் வில்லி ஹார்ட்னர், தூசியின் உத்திக்குக் கோபர்நிக்கஸ் வரைந்த படத்தில் உள்ள எழுத்துகள் தூசியின் படத்து எழுத்துகளோடு பெரிதும் ஒத்துப்போவதைச் சுட்டினார். தூசியின் உத்தி வரையப்பட்ட ஒரு கிரேக்கக் கையெழுத்துப் படி வத்திக்கானில் இருப்பதை ஓட்டோ நியூகெபௌர் எடுத்துக்காட்டினார். மறுப்பவர்களும் இருக்கிறார்கள்: ஒரே சிக்கலை ஒரே நிபந்தனையோடு அணுகும் இருவர் ஒரே விடையைத் தனித்தனியே அடையலாம் என்கிறார்கள். கோபர்நிக்கஸ் இன்ன நூலைக் கையில் வைத்திருந்தார் என்று சொல்லும் ஒரு தாள் இன்னும் கிடைக்கவில்லை. ஆனாலும் சந்திரன், புதன், தூசி உத்தி என்று ஒற்றுமைகள் அடுக்கடுக்காக வரும்போது தற்செயல் என்று சொல்வதுதான் கடினமான கட்சி. அதே மூச்சில் இன்னொன்றும்: சூரியனை மையத்தில் வைத்தது கோபர்நிக்கஸ். மராகா அறிஞர் எவரும் அதைச் செய்யவில்லை.

சமர்கந்தில் தைமூரின் பேரன் உலுக் பேக் 1420-களில் கட்டியது குஜந்தியின் கருவியின் பேருரு. ஆரம் 40 மீட்டர். அங்கே உருவான 1,018 நட்சத்திரங்களின் பட்டியலில், பல நூறு ஆண்டுகளாகத் தாலமியின் எண்களையே திருத்திப் பயன்படுத்திய வழக்கத்தை விட்டு, பெரும்பாலானவற்றைப் புதிதாக அளந்தார்கள். அங்கிருந்த ஜம்ஷீத் அல்-காஷி 1424-ல் 80 கோடிக்கும் மேற்பட்ட பக்கங்களுடைய பலகோணத்தைக் கொண்டு பையின் (π) மதிப்பை 16 தசம இடம் வரை சரியாகக் கண்டார். எதற்கு இவ்வளவு? அண்டத்தின் சுற்றளவைக் கணித்தாலும் பிழை ஒரு குதிரைமயிரின் பருமனைத் தாண்டக் கூடாது என்று அவரே இலக்கு வைத்துக்கொண்டார். ஐரோப்பாவில் லுடோல்ஃப் வான் கியூலன் 1596-ல் 20 இடம் வரை போகும்வரை அதை யாரும் மிஞ்சவில்லை.

1449-ல் உலுக் பேக் பெற்ற மகனின் ஆணையால் கொல்லப்பட்டார். வானாய்வுக்கூடம் பாழாகி மண்ணுக்குள் போனது. 1908-ல் ரஷ்யத் தொல்லியலாளர் வியாட்கின் அதன் வில்லைத் தோண்டியெடுத்தார். இஸ்தான்புல்லில் தக்கி அல்-தீனுக்காக 1577-ல் எழுந்த கூடம் 1580-லேயே சுல்தான் மூன்றாம் முராத்தின் ஆணைப்படி இடிக்கப்பட்டது. டென்மார்க் வானியலாளர் டைக்கோ பிராகேயின் புகழ்பெற்ற கூடம் எழுந்ததும் அதே ஆண்டுகளில்தான். இந்த மரபின் உண்மையான பலவீனம் இங்கே தெரிகிறது: ஆய்வுக்கூடம் ஓர் அரசரின் ஆயுளைத் தாண்டி வாழ்வது அபூர்வமாக இருந்தது. கஸாலியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதைவிட இந்தக் கணக்கைப் பார்ப்பது பயன் தரும்.

மரபின் கடைசிப் பெரிய கட்டடங்கள் இந்தியாவில் எழுந்தன. 1370-லேயே பிரோஸ் ஷா துக்ளக்கின் அவையில் இருந்த ஜைனத் துறவி மகேந்திர சூரி, அஸ்ட்ரோலேபைப் பற்றி 'யந்திரராஜ' என்ற சமஸ்கிருத நூல் எழுதியிருந்தார். 18-ஆம் நூற்றாண்டில் ஜெய்ப்பூர் அரசர் இரண்டாம் ஜெய் சிங் உலுக் பேக்கின் பட்டியலை அடிப்படையாக வைத்து முகலாயப் பேரரசர் முஹம்மது ஷாவின் பெயரில் ஒரு ஜிஜ் தயாரித்தார். தூசியின் வானியல் நூலுக்கான உரையின் ஒரு பகுதியை 1729-ல் சமஸ்கிருதத்தில் ஆக்கச் செய்தார். போர்ச்சுகலுக்குத் தூதுக்குழு அனுப்பி, பிரெஞ்சு வானியலாளர் லா ஈரின் அட்டவணைகளை வரவழைத்து, அவற்றிலும் சந்திரனின் நிலையில் பிழை இருப்பதாக எழுதினார்.

ஜெய்ப்பூரின் ஜந்தர் மந்தருக்குப் போகிறவர்கள் 27 மீட்டர் உயரச் சூரியக் கடிகாரத்தோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அடுத்த முறை போனால், அதன் தாங்கு சுவர்களுக்குள் இருக்கும் சஷ்டாம்ச யந்திரம் எங்கே என்று கேளுங்கள். இருட்டறை, மேலே துளை, கீழே வில்: 994-ல் ரய் நகரில் குஜந்தி கட்டிய அதே அமைப்பு.